மடுல்கெல்லையில் பதினொரு தொட்டில்

பூகம்பம் என்றால் நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. குஜராத்தில், கட்ச் பக்கம், லாரிக்காரர்களுக்கு இட்லி மெஸ் நடத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெரிய ஆட்டத்தில் மாட்டி உயிரோடு வந்தவள் நான். திண்டுக்கல்லுக்குத் திரும்பி இத்தனை வருஷமாகியும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, "அந்தக் கதையைச் சொல்லு" என்பார்கள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும், நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அதனால் சரசு போன் செய்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சரசு என் சித்தப்பா மகள். என் அப்பா இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார், சித்தப்பா ஏறவில்லை. ஆகவே நான் திண்டுக்கல்காரி, அவள் கண்டிக்கு மேலே மடுல்கெல்லைக்காரி. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா அவள் பொறுப்பு. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

"அக்கா, இங்க தரை ஆடுதுக்கா. ரெண்டு தடவை ஆடிருச்சு. காம்பரா சுவத்துல வெடிப்பு வேற உட்டுருக்கு."

"உங்க ஊர்ல பூகம்பமா? போடி! நான் பார்த்ததுக்கு இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"அதைத்தான் நீங்க வந்து சொல்லுங்கன்றேன். பிள்ளைங்களை உள்ள படுக்கப் போடலாமா, வேணாமா? பதினோரு பிள்ளைங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான கேப்பாங்க?"

அவள் குரல் இறங்கிவிட்டது. சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கொழும்பில் இறங்கி நான் பிடித்த கண்டி ரயில், கடுகண்ணாவை என்கிற மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஏறும்போது நான் இறால் வடை தின்றுகொண்டிருந்தேன். வடைமேல் முழு இறால் ஒன்று மீசையோடு உட்கார்ந்திருக்கும். முதல் கடிக்குக் கொஞ்சம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும், அப்புறம் நிறுத்த முடியாது. எதிர் இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலிருந்த கல்லூரிப் பையனிடம் என்ன பேச்சு என்று கேட்டேன். அவன் தமிழில் சொன்னான்: "அந்த ஆன்ட்டி வீட்டுல கட்டில் ஆடிச்சாம். இந்த ஆன்ட்டி, அது ஒண்ணுமில்ல, எங்க அக்கா வீட்டுல கூரை ஓடே கழண்டு விழுந்துச்சுன்னு சொல்றாங்க." எனக்கு மகா சந்தோஷம். குழம்புக்கு யார் வீட்டில் காரம் அதிகம் என்று பார்ப்பதுபோல இந்த ஊரே பூகம்பத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் போட்டியில் எனக்கு யார் ஈடு?

ஆணவம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. கண்டி பஸ் நிலையத்தில் வழி கேட்பது எனக்கு அவமானமாகப் பட்டது. பஸ் போர்டில் மூன்று மொழி. தமிழ் கடைசியில், எறும்பு ஊர்ந்த மாதிரி. மூக்குக்கண்ணாடி பைக்குள் அடியில் கிடந்தது. கூட்டம் ஏறியது, நானும் ஏறினேன். முக்கால் மணி நேரம் கழித்து, மலை ஏறாமல் பஸ் ஏன் இப்படிச் சமதரையில் ஓடுகிறது என்று யோசித்து நடத்துநரிடம் கேட்டால், அவர் தலையில் கை வைத்தார். "மடுல்கெல்லையா? அது அந்தப் பக்கம். இது மாத்தளை போற பஸ், அம்மா." பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அலவத்துகொடையில் இறக்கிவிட்டார்.

இறங்கிய இடத்தில் ஒரு பலசரக்குக் கடை. தொப்பி போட்ட பெரியவர் கல்லாவில் இருந்தார். "பாய், கண்டிக்குத் திரும்பிப் போக பஸ் எப்ப வரும்?" என்றேன்.

"பாயா? நீங்க இந்தியாதானே! இங்க நானா எண்டு கூப்பிடுங்க, அண்ணன் எண்டு அர்த்தம்." சிரித்துக்கொண்டே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "பஸ் வரும், அவசரப்பட வேணாம். பிளேன்டி ஒண்டு குடிங்க." பாலில்லாத தேநீரும், கூடவே ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் வந்தன. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். சர்க்கரை போட்ட நம்ம ஊர் டீ இதன் முன்னால் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன்.

அவரிடமும் பூகம்பத்தை விசாரித்தேன். "பெரிய டிரக் ஒண்டு போற மாதிரி ஈந்திச்சி. பிஸ்கட் டின்னெல்லாம் கடகட எண்டிச்சி. நான் றோட்டுக்கு ஓடிட்டன். எங்கட உம்மா மட்டும் தொழுதுகிட்டு ஈந்தாங்க, முடிக்கும்வரைக்கும் எழும்பவே இல்ல. வந்து என்னைத்தான் ஏசினாங்க, கடையைத் திறந்து போட்டுட்டு ஓடினியா எண்டு."

நான் விடுவேனா? கட்ச் கதையை எடுத்துவிட்டேன். தரை சல்லடை மாதிரி சலித்தது, எதிரே நாலு மாடிக் கட்டடம் உட்கார்ந்தேவிட்டது, மூன்று நாள் தெருவில் படுத்தோம் என்று கை கால் ஆட்டிச் சொன்னேன். நானா வாயைப் பிளந்து கேட்டார். கடைசியில் மெதுவாக, "அப்ப எங்கட ஆட்டம் ஒண்டுமே இல்லதான்" என்றார். ஜெயித்துவிட்ட திருப்தியோடு கண்டி பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சரசு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான தன் அறையில், சுடச்சுட ரொட்டி தட்டி வைத்திருந்தாள். கூடவே காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் இடித்த கட்டச் சம்பல். கண்ணில் தண்ணீர் வரத் தின்றேன். செய்தி பரவி, மறுநாள் மாலைக்குள் லயத்துப் பெண்கள் பாதிப் பேர் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கொழுந்துக் கறை படிந்த விரல்களும் தலையில் துண்டுமாக அவர்கள் கேட்கக் கேட்க, எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். மாரியாயி என்கிற நடுவயதுப் பெண், "மலையில நின்னோமா, கும்முன்னு ஒரு சத்தம். கல்லுக் குவாரி வெடின்னு நெனச்சு வெடிக்காரனை ஏசிட்டு வேலையப் பார்த்தோம்" என்பாள். "பூகம்பத்துக்கு ஏசினீங்களா!" என்று நான் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். "எங்க ஊர்ல அப்படி ஏச நேரமே கெடைக்கலை, தெரியுமா?" என்று நான் தொடங்கிவிடுவேன். ஒவ்வொருத்தியும் தன் கதையைச் சுருக்கிக்கொண்டே வந்தாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை சரசு என்னைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப்போனாள். நீள ஹால். மேலே ஒரு நெடிய உத்திரம், அதில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். பதினொன்றையும் எண்ணினேன். ஒரு பக்கச் சுவரில் அ, ஆ எழுதிய பெரிய அட்டை. அதை அவள் தூக்கிக் காட்டினாள். உத்திரம் சுவரில் உட்காரும் இடத்திலிருந்து தரைவரைக்கும் வெடிப்பு. என் சுண்டுவிரல் உள்ளே போனது.

"ஆபீஸ்ல சொன்னேன்க்கா. பெரிய கிளாக்கர் வந்து பார்த்துட்டு, இது மழைக்கு உட்ட வெடிப்பு, பூமி ஆட்டமெல்லாம் இங்க பெருசா இல்லன்னுட்டாரு. தோட்டம் நடத்துற தொரையும் அதையே சொல்லிட்டாரு. இந்த அட்டையை மாட்டுன்னு கொடுத்ததும் கிளாக்கர்தான். நாளைக்கு அரசாங்கத்துல இருந்து யாரோ விசாரிக்க வர்றாங்களாம். அவங்க எழுதிட்டாத்தான் சுவத்தைக் கட்டுவாங்க."

அந்த அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு ரொட்டியைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

முதலில் சத்தம். ஒரு லாரி வாசலில் வந்து நின்று எஞ்சினை அணைக்காமல் உறுமுகிற மாதிரி. அடுத்து, தொட்டில்கள். பதினொன்றும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக ஆடின. காற்று இல்லை, யாரும் தொடவில்லை. அடுத்த நொடி நான் எங்கே இருந்தேன் தெரியுமா? வெளியே, தேயிலைச் செடிக்கு நடுவில். ஒரு செருப்பைக் காணோம். கையில் ரொட்டி மட்டும் பத்திரம்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சரசு உத்திரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, மூன்றாவது தொட்டிலை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஆட்டம் நிற்கிறவரை அவள் நகரவில்லை. பிறகு, "அக்கா, வாங்க, ஆளுக்கு ரெண்டா தூக்குவோம்" என்றாள். அவ்வளவுதான். "ஏன் ஓடினீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பிள்ளைகளை வெளியே புல்லில் கிடத்தியபிறகு, இதுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். என் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்க ஜீவிபென் என்று ஒருத்தி இருந்தாள். அவள் உட்காரும் இடத்துச் சுவரில் முன்பே ஒரு வெடிப்பு. சாப்பிட வருகிறவர்கள் பார்த்துப் பயப்படுவார்களே என்று நான்தான் அதன்மேல் ஒரு பெரிய காலண்டரை மாட்டினேன். ஆட்டம் வந்தது, அந்தச் சுவர்தான் முதலில் விழுந்தது. நான் ஓடிவிட்டேன், அவள் ஓடவில்லை.

சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அட்டையைக் கழட்டிருவோம்க்கா" என்றாள். அன்றைக்கே கழற்றினோம்.

செய்தி காம்பராவில் நிற்குமா? என் செருப்பைத் தேடிக்கொண்டு வந்த மாரியாயி, "கட்ச் அக்கா, உங்க ஊர்ல இப்படித்தான் ஓடுவீங்களா?" என்று கேட்டாள். லயம் முழுக்கச் சிரித்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

நாலாம் நாள் அந்த அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், யாழ்ப்பாணத்துக்காரர், தோளில் பை, காலில் மண் அப்பிய சப்பாத்து. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள்களுக்கு வேலை பிரிக்கிற திடலில், கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். பக்கத்திலேயே பெரிய கிளாக்கர் கை கட்டி நின்றார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்கு எப்பிடி இருந்தது எண்டு பயப்பிடாமச் சொல்லுங்கோ. எவ்வளவு பலமா ஆடினது எண்டு மெஷின் ஒரு கணக்குச் சொல்லும். ஆனா அந்தந்த இடத்தில ஆக்களுக்கு எப்பிடிப் பட்டது எண்டு ஆக்கள்தான் சொல்லவேணும். ஒண்டில இருந்து பன்னிரண்டு வரைக்கும் அதுக்கு ஒரு அளவு இருக்கு." மிக அழகாகச் சொன்னார். பிறகு தாளைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். "தொங்கிற விளக்கு ஆடினதா?"

"இல்லீங்க மிஸ்."

"அலுமாரியில கண்ணாடிச் சாமான் சத்தம் போட்டதா?"

"இல்லீங்க."

"தட்டில இருந்து புத்தகம் விழுந்ததா?"

"இல்லீங்க மிஸ். ஒண்ணும் இல்லீங்க."

பத்துப் பேரிடம் கேட்டார், பத்துப் பேரும் அதையேதான் சொன்னார்கள். அந்தத் தாளில் இருந்த சாமான் ஒன்றுகூட லயத்தில் கிடையாது. அதோடு இன்னொன்று. கிளாக்கர் நிற்கிற இடத்தில் யார் எதைக் கேட்டாலும் 'ஒண்ணும் இல்லீங்க' என்பது அங்கே பாட்டன் காலத்துப் பழக்கம். காய்ச்சலா, ஒண்ணும் இல்லீங்க. கூரை ஒழுகுதா, ஒண்ணும் இல்லீங்க. சொன்னால் வம்பு என்று பழகிய வாய் பூகம்பத்துக்கும் அதையே சொல்லிவிட்டது. அந்த அம்மா ஒவ்வொரு கட்டத்திலும் இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனார்.

மாரியாயி முறை வந்தது. "லேசாத்தாங்க மிஸ். இந்தா நிக்கிற அக்கா இந்தியாவுல பெரிய ஆட்டம் பார்த்தவங்க. அதுக்கு இது தூசின்னு அவங்களே சொன்னாங்க."

கிளாக்கர் முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று நாள் நான் அடித்த தம்பட்டம் இப்போது பதினொரு பிள்ளைகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லுகிறது! கத்துவதற்கு வாயைத் திறந்து எழுந்தேன். சரசு என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தான் எழுந்தாள்.

"மிஸ், எங்ககிட்ட தொங்குற லைட்டு இல்ல. கண்ணாடிச் சாமானும் இல்ல, புத்தகத் தட்டும் இல்ல. எங்ககிட்ட தொங்குறது என்னன்னு கேளுங்க, சொல்றேன்."

"என்ன தொங்குது?"

"தொட்டில். வந்து பாருங்க."

"இதெல்லாம் என்னத்துக்கு, மிஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார் கிளாக்கர். அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு சரசு பின்னால் நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம்.

"ஏணையா? எத்தினை?" யாழ்ப்பாணத்தில் சேலைத் தொட்டிலுக்கு அப்படித்தான் பெயராம்.

"பதினொண்ணு. அத்தனையும் ஒண்ணா ஆடுச்சு. யாரும் ஆட்டல." சரசு ஒரு வெறும் தொட்டிலை இழுத்துவிட்டுக் காட்டினாள். "இவ்வளவுக்கு. ஆத்துப் பக்கம் போய் மலைப் பக்கம் வந்துச்சு. ஒரு பிள்ளை முழிச்சு அழுதுச்சு, மத்ததெல்லாம் தாய் ஆட்டுறான்னு நெனச்சுத் தூங்குச்சு."

அதிகாரி திசைகாட்டியை எடுத்து உத்திரத்தின் கீழே வைத்துப் பார்த்தார். அட்டை இல்லாத சுவருக்குப் போய் வெடிப்பில் அளவுகோலை வைத்தார். போட்டோ எடுத்தார்.

அப்புறம் மடை திறந்துவிட்டது. "மிஸ், எங்க பீப்பாத் தண்ணி வெளிய ஊத்துச்சு" என்றாள் ஒருத்தி. "கொழுந்து நிறுக்கிற தராசு கொக்கியோட சுத்துச்சுங்க." "மாரியம்மன் கோயில் மணி தன்னால அடிச்சுச்சு, பூசாரி வீட்டுக்கு ஓடிட்டாரு." மாரியாயி எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். "லேசுன்னு சொன்னது பொய்யிங்க மிஸ். கூடையோட உக்காந்துட்டேன். மண்ணு காலுக்கடியில வழுக்குச்சு. அதை அடிச்சு எழுதுங்க."

"இதெல்லாம் அன்னைக்கே ஏன் ஆபீஸ்ல சொல்லலை?" என்றார் கிளாக்கர்.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்களா?" என்றாள் சரசு. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

கடைசியில் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பெரிசு பாத்தனீங்கள். இதுக்கு எத்தினை போடலாம் எண்டு நினைக்கிறீங்கள்?"

என் வாழ்க்கையில் என்னை அப்படி மதித்து யாரும் கேட்டதில்லை. ஆனாலும் சொன்னேன்: "என்னைக் கேக்காதீங்கம்மா. நான் பாதியில் ஓடிட்டேன். முழுசா நின்னு பார்த்தவள் அவள். அவளைக் கேட்டு எழுதுங்க."

அவர் சரசுவிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். என்ன எண் போட்டார் என்று எங்களுக்குக் காட்டவில்லை. புறப்படும்போது கிளாக்கரிடம், "அறிக்கை போகக் கொஞ்ச நாள் எடுக்கும். அதுவரைக்கும் இந்த உத்திரத்துக்குக் கீழ பிள்ளையளைப் படுக்க வைக்கக் கூடாது" என்றார். ஜீப் போய்விட்டது.

"அப்ப பிள்ளைங்களை எங்க போடுறது?" என்று சரசு கேட்டாள்.

"அவங்கவங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கட்டும்" என்றார் கிளாக்கர்.

பிள்ளையோடு வீட்டில் இருந்தால் தாய்க்கு அன்றைக்கு வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும். சரசு தொட்டில்களின் சேலை முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள்.

ஐந்தாம் நாள் காலை நான் புறப்பட வேண்டும். விடிந்தும் விடியாமல் சரசு என்னை எழுப்பினாள். "அக்கா, இந்தத் தோட்டத்துலயே உறுதியான உத்திரம் எங்க இருக்குன்னு நெனைக்கிறீங்க?" எனக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸாவது ஒன்றாவது!

பெரட்டு முடிந்து ஆள்கள் மலைக்கு ஏறுகிற நேரத்தில், தோட்டத்து ஆபீஸின் நீள வராந்தாவில், வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு உத்திரத்தில், நானும் சரசுவும் மாரியாயியும் சேலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோம். தாய்மார் ஒவ்வொருத்தியாக வந்து பிள்ளையைக் கிடத்தி, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மலைக்கு நடந்தார்கள். பதினொரு தொட்டில். கிளாக்கர் தன் அறைக்குள் போக வேண்டுமானால் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

"யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?" என்றார்.

"மிஸ்தான் அந்த உத்திரம் வேணாம்னாங்க" என்றாள் சரசு. "இது வேணாம்னு யாரும் சொல்லலையே."

அவர் தொரைக்குப் போன் செய்தார். கால் மணி நேரத்தில் தொரையின் ஜீப் சீறிக்கொண்டு வந்து நின்றது. உயரமான மனிதர், அரைக்கால் சட்டை, கனத்த பூட்ஸ். படியில் தடதடவென்று ஏறினார். "என்ன இது!" என்று போட்ட சத்தத்தில் நான் ஒரு எட்டுப் பின்வாங்கினேன். மாரியாயி தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். 'ஒண்ணும் இல்லீங்க' என்று வரப்போகிறது என்று பயந்தேன்.

சரசு உதட்டில் விரலை வைத்தாள். "தொர, மெதுவா. பிள்ளைங்க தூங்குது."

அவர் நின்றார். தொட்டில்களை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தார். பிறகு அந்தக் கனத்த பூட்ஸைச் சத்தம் வராமல் எடுத்து எடுத்து வைத்து, ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் பக்கவாட்டில் திரும்பி, உள்ளே போனார்.